வெள்ளை விளக்கு பொய் சொல்லுமா?

"மலருக்கு நீ ஏதாவது எழுதியே ஆகணும்" என்று நம் மாணவர் பேரவைச் செயலாளர் என்னைப் பிடித்துக்கொண்டபோது, ஒரு கவிதை எழுதிக் கொடுத்துத் தப்பித்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். "நட்பு, காதல், தாய்மை மூணு தலைப்புலயும் ஏற்கெனவே கட்டுக்கட்டா வந்து கிடக்குது, வேற எதாவது எழுதுப்பா" என்று சொல்லிவிட்டார். சரி, எனக்கு உருப்படியாகத் தெரிந்த ஒரே விஷயத்தை எழுதுகிறேன். அது ஒரு ஜாக்கெட்டில் ஆரம்பித்து, அமெரிக்கா, ஜப்பான் எல்லாம் போய்விட்டு, திரும்ப எங்கள் வீட்டு வாசலுக்கே வந்து நிற்கிற கதை. நடுவில் ஃபார்முலா வருமோ என்று பயப்படாதீர்கள் நண்பர்களே, ஒன்றுகூடக் கிடையாது!

அரக்கா, பழுப்பா?

எங்கள் வீடு ஒரத்தநாட்டுக்குப் பக்கத்தில், புது ஆற்றிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. அப்பா நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குகிறவர். அம்மா வீட்டிலேயே மெஷின் போட்டுத் துணி தைக்கிறாள். என் ஃபீஸில் பாதிக்கு மேல் அந்த மெஷினை மிதித்து மிதித்து வந்த காசுதான்.

போன வருடம் தை மாதம், பக்கத்துத் தெரு அக்கா ஒருவர் அரக்கு நிறப் புடவை ஒன்றைக் கொடுத்து, "இதுக்கு மேட்சா பிட்டு எடுத்து நீங்களே தச்சிடுங்க, நாளன்னிக்கு கல்யாணம்" என்றார். அம்மா புடவையையும் கையில் எடுத்துக்கொண்டு சாயங்காலம் கடைத்தெருவுக்குப் போனாள். கடைக்காரர் எடுத்துப் போட்ட எட்டு பத்து பிட்டில் ஒன்று அச்சாகப் பொருந்தியது. கடை விளக்கில் புடவை மேல் வைத்துப் பார்த்தாள். வீட்டுக்கு வந்து எங்கள் எல்.இ.டி. பல்பிலும் வைத்துப் பார்த்தாள். இரண்டும் ஒரே நிறம். ராத்திரி பதினோரு மணிக்குத் தைத்து முடித்தாள்.

கல்யாணத்தன்று காலையில் அந்த அக்கா மண்டப வாசலில் வெயிலில் நின்றபோது பார்த்தால், புடவை அரக்கு, ஜாக்கெட் பழுப்பு! வேறு வேறு வீட்டுத் துணி மாதிரி இருந்தது. பத்துப் பேருக்கு முன்னால் அம்மாவுக்கு நல்ல பேச்சு விழுந்தது. துணிக் காசு, கூலி எதையும் அம்மா வாங்கிக்கொள்ளவில்லை.

காசு போனதுகூடப் பெரிசில்லை. அன்று ராத்திரி அம்மா சொன்னதுதான் என்னைத் தூங்க விடவில்லை. "எனக்குக் கண்ணு போச்சுடா தம்பி. இனிமே கலர் பாத்து தைக்கிற வேலையெல்லாம் ஒத்துக்கக் கூடாது. பள்ளிக்கூட யூனிஃபாரம் மட்டும் தைக்கிறேன்."

கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்றும் கேட்டாள். "நீ கரண்டு, லைட்டுன்னுதானே படிக்கிற? ராத்திரி ஒண்ணா இருக்கிற கலரு காலையில எப்படிடா ரெண்டாகும்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. எங்கள் வீட்டில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான். டையோடு பாடத்தில் நல்ல மார்க்தான் வாங்கியிருந்தேன். எல்.இ.டி. எப்படி வேலை செய்கிறது என்று பத்து மதிப்பெண்ணுக்குப் படம் போட்டு எழுதத் தெரியும். ஆனால் எங்கள் வீட்டுக் கூரையில் தொங்குகிற எல்.இ.டி. அம்மாவை ஏமாற்றியது ஏன் என்று சொல்லத் தெரியவில்லை.

சி.டி. சொன்ன சாட்சி

ஃபிசிக்ஸ் லேபில் பார்த்த கிரேட்டிங் ஞாபகம் வந்தது. பழைய சினிமாப் பாட்டு சி.டி. ஒன்றை எடுத்தேன். செருப்புப் பெட்டி அட்டையில் பிளேடால் மெல்லிய கீறல் போட்டு, அது வழியாக வரும் வெளிச்சத்தைச் சி.டி.யில் விழ வைத்து, சாய்த்துப் பார்த்தேன். செலவு ஒன்றுமில்லை, நீங்களும் இன்று ராத்திரியே செய்து பார்க்கலாம்.

முதலில் சாமி மாடத்தில் இருந்த குண்டு பல்பு. நீலத்தில் மெலிதாக ஆரம்பித்து, பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று எங்கேயும் அறுபடாமல் ஆழ்ந்த சிவப்பு வரைக்கும் பட்டை ஓடியது. அடுத்து எல்.இ.டி. பல்பு. நீலத்தில் பளீரென்று ஒரு திட்டு. அதை அடுத்து ஒரு பள்ளம், மங்கல். அப்புறம் பச்சையும் மஞ்சளும் தாராளம். ஆழ்ந்த சிவப்பு வரவேண்டிய இடத்தில் பட்டை சட்டென்று தேய்ந்து முடிந்துவிட்டது.

காரணம் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். நாம் வாங்கும் சாதாரண எல்.இ.டி. பல்புக்குள் இருப்பது வெள்ளை எல்.இ.டி. அல்ல, நீல எல்.இ.டி.! அந்த நீலத்தைச் சாத்தியமாக்கியதற்காகத்தான் அகாசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014-ல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. நீலச் சில்லின் மேல் மஞ்சளாக ஒளிரும் ஒரு பொடியைப் பூசுகிறார்கள். நீலத்தில் ஒரு பங்கை அந்தப் பொடி விழுங்கி மஞ்சளாக உமிழ்கிறது. மிச்ச நீலமும் இந்த மஞ்சளும் சேர்ந்தால் நம் கண்ணுக்கு வெள்ளை. நம் கண்ணில் நிறம் பார்க்கும் செல்கள் மூன்று வகைதான். அந்த மூன்றையும் சரியான விகிதத்தில் தட்டிவிட்டால் போதும், கண் "வெள்ளை" என்று கையெழுத்துப் போட்டுவிடும். உள்ளே எது இருக்கிறது, எது இல்லை என்று அது விசாரிப்பதில்லை.

துணியின் கதை வேறு. தன் மேல் விழுகிற ஒளியைத்தான் துணி திருப்பி அனுப்ப முடியும். புடவைச் சாயமும் ஜாக்கெட் சாயமும் மற்ற நிறங்களை ஒரே மாதிரி திருப்பி, ஆழ்ந்த சிவப்பை மட்டும் வேறு வேறு அளவில் திருப்பின என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆழ்ந்த சிவப்பே குறைவாக இருக்கிற விளக்கில் அந்த வித்தியாசம் எப்படித் தெரியும்? காலையில் சூரியன் எல்லாச் சிவப்பையும் கொண்டுவந்து கொட்டியதும் குட்டு வெளிப்பட்டுவிட்டது.

தைத்த ஜாக்கெட் எங்கள் வீட்டிலேதான் கிடந்தது. அந்த அக்காவிடம் கெஞ்சிப் புடவையை ஒருநாள் வாங்கிவந்தேன். எல்.இ.டி.யில் இரண்டையும் காட்டினேன்: ஒன்று. அணைத்துவிட்டுக் குண்டு பல்பைப் போட்டேன்: இரண்டு! அம்மா இரண்டு விளக்கையும் மாறி மாறிப் போடச் சொன்னாள். நாலைந்து தடவை பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "கஜா புயலப்ப அத்தன நாளு கரண்டு இல்லாம திண்ணையில பகல்ல மட்டும் தச்சேன். அப்ப ஒரு பிட்டுகூட கலர் தப்பல." 2018 நவம்பரில் நடந்தது. அப்போது நான் சின்னப் பையன். எனக்குத் தென்னை மரங்கள் விழுந்து கிடந்ததுதான் ஞாபகம். அம்மாவுக்கு வெளிச்சம் ஞாபகம் இருந்திருக்கிறது.

விளக்கு பொய் சொல்லவில்லை நண்பர்களே. பாதியைச் சொல்லிவிட்டு மீதியை முழுங்கிவிடுகிறது. அவ்வளவுதான்.

"லைட்டுக்கும் சாணி எருவா?"

இந்தச் சமயத்தில்தான் செமினாருக்குத் தலைப்பு கேட்டார்கள். முழுசாகச் சொல்லுகிற வெள்ளை விளக்கு ஏதாவது உண்டா என்று லைப்ரரியில் தேடியபோது கண்ணில் பட்டது ஓ.எல்.இ.டி., அதாவது ஆர்கானிக் எல்.இ.டி. வீட்டில் பெருமையாகச் சொன்னேன். அப்பா நிதானமாகக் கேட்டார்: "ஆர்கானிக்குன்னா சாணி எருதானேடா? லைட்டுக்குமா போட ஆரம்பிச்சிட்டானுவ?"

நம் ஊரில் அப்படித்தான் தோன்றும். இங்கே ஆர்கானிக் என்பது கார்பனை முதுகெலும்பாகக் கொண்ட மூலக்கூறுகள், கரிமச் சேர்மங்கள். துணிக்குப் போடுகிற சாயங்களில் பெரும்பாலானவை இந்தக் குடும்பம்தான். சாயம் ஒளியை விழுங்குகிறது என்றால், அதன் உறவுக்காரச் சேர்மங்கள் சில, மின்சாரம் கொடுத்தால் ஒளியை உமிழ்கின்றன.

1960-களிலேயே ஆந்த்ரசீன் என்ற கரிமப் படிகத்தை மின்சாரத்தால் ஒளிரவைத்துவிட்டார்கள். ஆனால் நூற்றுக்கணக்கான வோல்ட் கேட்டது. வீட்டு விளக்குக்கு ஆகிற காரியமா? வழி திறந்தது 1987-ல், அமெரிக்காவின் ஈஸ்ட்மன் கோடாக் கம்பெனியில். ஆமாம், ஃபிலிம் ரோல் விற்ற அதே கோடாக்! ஹாங்காங்கில் பிறந்த சிங் டாங் என்பவரும், ஸ்டீவன் வான் ஸ்லைக் என்பவரும் ஒரு படலத்துக்குப் பதில் இரண்டு படலங்களைப் போட்டார்கள். ஒன்று ஹோல்களை நன்றாகக் கடத்தும். மற்றொன்று எலெக்ட்ரான்களைக் கடத்தும், ஒளியும் விடும். அந்த இரண்டாவது, ஒரு அலுமினிய அணுவைச் சுற்றி மூன்று கரிம வளையக் கூட்டங்கள் பிடித்துக்கொண்டிருக்கும் சேர்மம். அடியில் ஒளி புகும் மின்வாய் பூசிய கண்ணாடி, மேலே மக்னீசியமும் வெள்ளியும் கலந்த மின்வாய். ஹோலும் எலெக்ட்ரானும் இரண்டு பக்கமிருந்தும் வந்து எல்லையில் சந்தித்தன. பச்சை ஒளி வந்தது, பத்து வோல்ட்டுக்கும் குறைவிலே!

இரண்டு கரிமப் படலமும் சேர்ந்து சுமார் 135 நானோமீட்டர்தான். தலைமுடியின் தடிமனில் ஐந்நூறில் ஒரு பங்கு அளவு. நம் பாடத்தில் வரும் அதே பி.என். சந்தியின் ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

குறையே நிறையாகிறது

பச்சை வந்தது, வெள்ளை எப்படி வரும்? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த இடம்.

கரிம மூலக்கூறு ஒளி விடும்போது அதன் அணுக்கள் அதிர்ந்துகொண்டே இருக்கின்றன. அதனால் ஒளி ஓர் அலைநீளத்தில் கூர்மையாக முடியாமல், அகன்ற மேடாகப் பரவுகிறது. சுத்தமான பச்சை, சுத்தமான சிவப்பு வேண்டும் என்று கேட்கிற டி.வி.காரர்களுக்கு இது ஒரு குறை. விளக்குக்கு இதுதான் வரம்! நீல மேடு, பச்சை மேடு, சிவப்பு மேடு மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்றின் சரிவு இன்னொன்றின் மேல் ஏறிக்கொள்ளும். நடுவில் பள்ளம் குறையும். நம் எல்.இ.டி. பல்பு முழுங்குகிற ஆழ்ந்த சிவப்பையும் சேர்த்துக்கொள்ளலாம்.

ஜப்பானில் யமகாட்டா பல்கலைக்கழகத்தின் ஜுன்ஜி கிடோ இதைச் செய்து காட்டினார். 1994-ல் அவரது குழு ஒரே பாலிமர் படலத்தில் மூன்று சாயங்களைக் கலந்து வெள்ளை ஒளி கொண்டுவந்தது. 1995-ல் நீலம், பச்சை, சிவப்பு என்று தனித்தனிப் படலங்களாக அடுக்கினார்கள். அந்த அடுக்கின் நடுவே ஹோல்களைத் தடுத்து அளவாக விடுகிற மெல்லிய படலம் ஒன்று. இதைப் படித்தபோது எனக்கு நம் மதகுதான் ஞாபகம் வந்தது. மதகுப் பலகையை எவ்வளவு தூக்குகிறோமோ அதைப் பொறுத்துத்தானே எந்த வாய்க்காலுக்கு எவ்வளவு தண்ணீர்? அதே மாதிரி, அந்தப் படலத்தை எவ்வளவு தடிமனாகப் போடுகிறோமோ அதைப் பொறுத்து நீலத்துக்கு எவ்வளவு, மற்றதுக்கு எவ்வளவு என்று பிரிகிறது. தடிமன் சில நானோமீட்டர் மாறினால் வெள்ளை மாறிவிடும். மதகு பார்க்கிற லஸ்கர் வேலையைக் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் பார்க்கிறது!

இந்தக் கதையில் நம்மூர்க் கல்லூரிப் படி ஏறியவர் ஒருவரும் இருக்கிறார். சென்னை ஐ.ஐ.டி.யில் பி.டெக். படித்த ஆனந்த் டோடபாலாபூர், அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வேலை பார்த்தபோது, தோழர்களுடன் சேர்ந்து 1996-ல் வெள்ளை ஓ.எல்.இ.டி. பற்றியே ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். பின்னாளில் கான்பூர் ஐ.ஐ.டி.யிலும், தில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்திலும் ஓ.எல்.இ.டி. ஆராய்ச்சிகள் நடந்திருக்கின்றன. அதெல்லாம் எங்கேயோ என்று நினைக்க வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

நீலத்தின் பிடிவாதம், ஈரத்தின் பகை

அப்படியானால் நம் வீடுகளில் ஏன் இன்னும் ஓ.எல்.இ.டி. விளக்கு எரியவில்லை? நியாயமான கேள்வி. செமினாரிலும் சார் இதைத்தான் கேட்டார்.

முதல் காரணம் விரயம். எலெக்ட்ரானும் ஹோலும் சேரும்போது நூற்றுக்கு இருபத்தைந்து ஜோடிதான் சாதாரணக் கரிமச் சேர்மத்தில் உடனே ஒளியாகும். மீதி எழுபத்தைந்தும் வீண். 1998-ல் ஃபாரஸ்ட், தாம்ப்சன் குழுவினர் பிளாட்டினம் அணு கொண்ட சேர்மத்தைச் சேர்த்து அந்த எழுபத்தைந்தையும் ஒளியாக்கும் வழியைக் கண்டார்கள். அடுத்து இரிடியம் வந்தது. 2009-ல் ஜெர்மனியின் டிரெஸ்டன் ஆய்வாளர்கள் வாட்டுக்கு 90 லூமென் தரும் வெள்ளை ஓ.எல்.இ.டி.யைச் செய்து, டியூப் லைட்டை எட்டிப் பிடித்துவிட்டோம் என்று அறிவித்தார்கள். ஆனால் அதற்குள் எல்.இ.டி. ஓடிப்போய்விட்டது. இன்று கடையில் வாங்கும் 9 வாட் பல்பு அட்டையைப் பாருங்கள். 900 லூமென் என்று சாதாரணமாகப் போட்டிருக்கும்.

இரண்டாவது நீலம். மூன்று நிறத்தில் நீல ஒளிக்குத்தான் ஆற்றல் அதிகம். அந்த ஆற்றல் மூலக்கூறின் பிணைப்புகளையே உடைக்கிற அளவுக்கு நெருங்கிவிடுகிறது. தான் விடுகிற ஒளியின் வலுவிலேயே தான் தேய்கிற சேர்மம்! நீலம் முதலில் சோர்ந்துவிட்டால் வெள்ளை மஞ்சளாகிவிடும். நீண்ட ஆயுளுள்ள நீலத்துக்கான தேடல் இன்னும் முடியவில்லை.

மூன்றாவது ஈரம். இதை அப்பாவுக்குச் சொன்னபோதுதான் அவருக்கு விஷயம் பிடிபட்டது. கொள்முதல் நிலையத்தில் நெல்லுக்கு 17 சதவீதம் ஈரப்பதம் வரை விதி. அதற்காகவே மூட்டைகள் களத்தில் காத்துக் கிடப்பதை அவர் வருடா வருடம் பார்க்கிறார். ஓ.எல்.இ.டி.க்கோ, ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு நாளைக்குப் பத்து லட்சத்தில் ஒரு கிராம் நீராவிக்கு மேல் உள்ளே நுழையக் கூடாது! நுழைந்தால் கரும்புள்ளி விழும். அதனால்தான் வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படியவைத்து, காற்றுப் படாமல் மூடி முத்திரை வைக்கிறார்கள். விலை ஏறுவதும் இதனால்தான். "அப்ப ஐப்பசி மழையில நம்ம ஊருக்குத் தாங்காதுன்னு சொல்லு" என்றார் அப்பா.

ஆனால் வெள்ளை ஓ.எல்.இ.டி. தோற்றுவிட்டது என்று எண்ண வேண்டாம். கோடாக்கின் ஓ.எல்.இ.டி. தொழிலை 2009-ல் கொரியாவின் எல்.ஜி. குழுமம் வாங்கியது. 2013-ல் அவர்கள் விற்பனைக்கு விட்ட 55 அங்குல ஓ.எல்.இ.டி. டி.வி.யின் ஒவ்வொரு புள்ளியிலும் எரிவது வெள்ளை ஒளிதான்! அதன் முன்னால் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள். நான்காவதாக வடிகட்டியே இல்லாத ஒரு வெள்ளை. கூரைக்குப் போக வேண்டிய விளக்கு சுவருக்குப் போய்விட்டது. விளக்காகவே விற்பனைக்கு வந்த பலகைகளும் உண்டு. நிறம் காட்டும் திறனைச் சூரியனுக்கு 100 என்று வைத்து அளக்கும் சி.ஆர்.ஐ. எண்ணில் அவை 90-ஐத் தாண்டியிருக்கின்றன. கண் கூசாமல், பரப்பு முழுவதும் மெத்தென்று ஒளிர்பவை. ஆனால் விலை நம் கைக்கு எட்டாதது.

வாசலுக்கு வந்த மெஷின்

ஆகவே அம்மாவுக்கு நான் ஓ.எல்.இ.டி. விளக்கு வாங்கித் தரவில்லை. அது படித்ததால் தெரிந்த ஒன்றைச் செய்தேன். எல்.இ.டி. பல்பிலும் கூடுதல் சிவப்புப் பொடி சேர்த்து, சி.ஆர்.ஐ. 90 என்று அட்டையில் போட்டு விற்பது உண்டு. ஒரத்தநாட்டிலும் தஞ்சாவூரிலுமாக ஐந்தாறு கடை ஏறினேன். "சி.ஆர்.ஐ.யா, அது எந்தக் கம்பெனி தம்பி?" என்று கேட்டவர்கள்தான் அதிகம். கடைசியில் ஒரு கடையில் கிடைத்தது. வீட்டில் மாட்டி, அதே புடவையையும் ஜாக்கெட்டையும் வைத்துப் பார்த்தோம். இரண்டும் வேறு என்று தெரிந்தது. வெயிலில் தெரிகிற அளவுக்கு இல்லை, ஆனால் தெரிந்தது.

மெஷினை வாசல் பக்கம் நகர்த்திப் போட்டோம். மேட்சிங் பிட்டு எடுக்க அம்மா இப்போது காலையில்தான் போகிறாள். கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, புடவையையும் பிட்டையும் தெருவில் வெயிலில் ஒரு நிமிடம் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் வாங்குகிறாள். யூனிஃபாரம் மட்டும் தைப்பேன் என்ற பேச்சு போய்விட்டது. போன மாதம் மூன்று கல்யாணத் துணி வந்தது. கண்ணாடிக் கடையில் கண்ணையும் சோதித்தோம். ஊசியில் நூல் கோக்கக் கண்ணாடி வேண்டும் என்றார்கள், நிறம் பார்க்கும் கண்ணில் கோளாறு இல்லை என்றார்கள்.

செமினாரில் எனக்கு என்ன மார்க் என்று கேட்காதீர்கள். பாதியில் இங்கிலீஷ் நின்றுபோய்த் தமிழுக்குத் தாவிவிட்டேன்! ஆனால் கூச்சம் போய்விட்டது. ஏனென்றால் அந்தப் பாடத்தை முதலில் நான் சொல்லிப் பார்த்தது எட்டாவதோடு நின்ற அம்மாவிடம். அவளுக்கே புரிந்துவிட்டது என்றால் எனக்கும் புரிந்துவிட்டது என்றுதானே அர்த்தம்?

நண்பர்களே, நம்மில் பலர் வீட்டுக்கு முதல் டிப்ளமோக்காரர்கள். நம் வீட்டில் கேட்கிற கேள்விகள் கொஸ்டின் பேப்பரில் வராது. வராததால் அது பாடமில்லை என்று ஒதுக்கிவிடாதீர்கள். கேட்பவருக்குப் புரிகிற மாதிரி ஒரு பதிலைத் தேடிக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

அப்பா மட்டும் இன்னும் விடவில்லை. "அந்த ஆர்கானிக் லைட்டு நம்ம ஊருக்கு எப்படா வரும்?" என்று அவ்வப்போது கேட்கிறார். அழியாத நீலம் ஒன்று கிடைத்ததும் வரும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அதைக் கண்டுபிடிக்கப் போகிறவர் இந்த மலரைப் படித்துக்கொண்டிருக்கிற ஒருவராக இருந்தால், முதல் விளக்கை எங்கள் வீட்டுத் தையல் மெஷினுக்கு மேலே மாட்ட மறக்காதீர்கள். ஆணி தயாராக இருக்கிறது!

— மூன்றாமாண்டு, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் பிரிவு